கேளுங்கள், சொல்கிறேன்: போலந்துக்காரர்களுக்கு ஐரோப்பா கசந்துவிட்டதா?

(போலந்தின் கிழக்கே லுப்லின் நகரில் குடும்பத்தோடு வசிக்கும் நமது பத்தியாளர், ஐரோப்பிய ஒன்றியம் பற்றி அந்நாட்டு மக்களின் மனநிலை எப்படி மாறிவருகிறது என்று கேட்ட வாசகர்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2003-ல் போலந்து மக்களில் 77 சதவீதம் பேர் ஆதரித்ததாகப் படித்தேன். இப்போது செய்திகளில் ஐரோப்பாவை எதிர்த்து டிராக்டர் மறியல் காட்டுகிறார்கள். அதற்குள் கசந்துவிட்டதா சார்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அந்த 77-ஐ முதலில் பார்ப்போம். வாக்களித்தவர்களில் 77.45 சதவீதம் பேர் 'சம்மதம்' என்றார்கள். வாக்களிக்க வந்ததே 58.85 சதவீதம்தான். பாதிப் பேருக்கு மேல் வராவிட்டால் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் ஜூன் 7, 8 என்று இரண்டு நாள் நடத்தினார்கள். முதல் நாள் இரவு கணக்கெடுத்தால் வந்திருந்தது 17.6 சதவீதம். அப்போதைய பிரதமர் லெஷெக் மில்லரின் அரசாங்கத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கூட்டம் வாக்குச்சாவடிக்கும் வந்ததால் தப்பித்தார்கள்.

என் மாமனாரும் அன்று வாக்களித்தார், 'சம்மதமில்லை' என்று. கிராஷ்னிக் பக்கத்துக் கிராமத்தில் ராஸ்பெர்ரி பயிரிடுகிறவர். இந்தப் பதில்களில் அவர் அடிக்கடி வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மற்ற எண்கள். இங்கே சிபிஓஎஸ் என்றொரு கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இதே கேள்வியைக் கேட்டுவருகிறது. போலந்து விண்ணப்பம் போட்ட 1994-ல் முக்கால்வாசிப் பேர் ஆதரவு. பேச்சுவார்த்தை இழுத்தடித்த 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 55 பக்கம் இறங்கியது. சேர்ந்த பிறகு 80-ஐத் தாண்டி ஏறியது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022-ல் 92. உறுப்பினராகி 20 ஆண்டு நிறைந்த 2024-ல் பார்த்தால் 77.

ஆக, கசந்துவிட்டது என்பதற்கு இன்று ஆதாரம் காட்டுகிற எண்ணும், அன்று இனித்தது என்பதற்கு நீங்கள் சொன்ன எண்ணும் ஒன்றேதான்! ஒன்று வாக்குப்பெட்டியில் விழுந்தது, மற்றது கணிப்பில் வந்தது என்ற வித்தியாசம் உண்டு. எனக்குப் படுவது இது: ஆதரவு பெரிதாகக் குறையவில்லை, பயபக்தி போய்விட்டது. விருந்தாளியாக வாசலில் நின்றவர் உப்பு கூடுதல் என்று சொல்ல மாட்டார். வீட்டுக்காரராகிவிட்டால் சொல்லுவார், சத்தமாகவே சொல்லுவார்.

உங்கள் மாமனார் ஏன் 'சம்மதமில்லை' என்றார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

ஜெர்மன்காரன் வந்து நிலத்தை வாங்கிவிடுவான் என்ற பயம். அவர் மட்டுமல்ல, அன்று கிராமத்துக்குக் கிராமம் பேச்சு இதுதான். 1945-க்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து கைமாறிய மேற்குப் பகுதிகளில் பழைய சொந்தக்காரர்கள் பட்டயத்தோடு வந்து நிற்பார்கள் என்று இன்னும் ஒருபடி மேலே பயந்தார்கள். அதனால்தான் போலந்து மல்லுக்கட்டி ஒரு விலக்கு வாங்கியது: பிற ஐரோப்பிய நாட்டவர் தாராளமாக விளைநிலம் வாங்க முடியாதபடி 12 ஆண்டு. அது 2016-ல் முடிந்தது. மாமனாரின் எட்டு ஹெக்டேரைக் கேட்டு எந்த ஜெர்மன்காரரும் வரவில்லை. பக்கத்து நிலத்தை வாங்கியவர் அதே ஊர்க்காரர்.

பயத்தை அரசியலாக்க ஆட்களும் இருந்தார்கள். பன்றிப் பண்ணைக்காரரான ஆன்ட்ஷேய் லெப்பர் சாலை மறியல் நடத்தியே நாடாளுமன்றத்துக்குப் போனவர். கத்தோலிக்க ரேடியோ மரியா, ஒன்றியத்தில் சேர்ந்தால் குடும்பமும் விசுவாசமும் போச்சு என்று காலையும் மாலையும் பேசியது. மாமியார் அதைத்தான் கேட்பார். இன்றும் கேட்கிறார்.

அதே திருச்சபையின் தலைவர் வேறு மாதிரி பேசினார் என்பதுதான் விசேஷம். வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்பு, 2003 மே 19 அன்று, போப் இரண்டாம் ஜான் பால் ரோமில் போலந்து யாத்ரீகர்களிடம், 'லுப்லின் ஒன்றியத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு' என்றார். 1569-ல் போலந்தும் லிதுவேனியாவும் ஒரே அரசாக இணைந்த உடன்படிக்கை கையெழுத்தானது எங்கள் லுப்லினில். வாக்கெடுப்பில் நாட்டிலேயே குறைந்த ஆதரவு விழுந்ததும் எங்கள் லுப்லின் மாகாணத்தில்தான், சுமார் 63 சதவீதம். போப் சொல்லியும் கேட்காத ஊர்!

சேர்ந்ததும் மனம் மாறியது எப்படி? பணம்தானா?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

நீங்கள் விவசாயி, உங்களிடம் மறைப்பானேன். பணம்தான் முதலில். ஆனால் பணம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

2004 மே 1-க்கு முந்தைய வாரங்களில் ஊரெல்லாம் சர்க்கரை வாங்கிப் பதுக்கினார்களாம், சேர்ந்தால் விலை ஏறும் என்று. மாமியார் வாங்கிய மூட்டைகளைப் பற்றி இன்றும் வீட்டில் கேலி நடக்கும். அதே ஆண்டில்தான் முதல்முறையாக நேரடி மானியத்துக்கு மனு வாங்கினார்கள். வேளாண் நவீனமயமாக்கல் முகமையிலிருந்து ஒரு படிவம் வந்தது, கூடவே நிலத்தின் வான்படம். எந்தத் துண்டில் என்ன பயிர் என்று அந்தப் படத்தின் மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டும். தன் நிலத்தை மேலிருந்து மாமனார் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிணற்றடி வாதுமை மரம்கூடத் தெரிந்தது என்று இன்றும் சொல்வார். வேலிக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டுக்காரர் அரை மீட்டர் உழுதிருப்பதும் தெரிந்ததாம். அதை வைத்து ஒரு சண்டை நடந்தது, அது வேறு கதை.

பழைய உறுப்பு நாட்டு விவசாயிக்குக் கிடைப்பதில் 25 சதவீதம்தான் முதல் ஆண்டு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் கொடுத்தது. அடுத்த ஆண்டு 30, அப்புறம் 35 என்று படிப்படியாக ஏற்றினார்கள். போலந்து அரசு தன் கஜானாவிலிருந்து கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தது. பாரபட்சம் என்று பேச்சு எழுந்தது நியாயம்தான். ஆனால் யாரையும் பார்க்காமல், யாருக்கும் கையூட்டு கொடுக்காமல் பணம் கணக்கில் வந்து விழுந்தது. அரசாங்கம் என்றால் எடுத்துக்கொண்டு போகிற இடம் என்றே வாழ்ந்த தலைமுறைக்கு இது புதுசு. விவசாயிகளிடையே ஆதரவு விறுவிறுவென்று ஏறியது அதன் பிறகுதான். மாமனார் வீட்டுக் கொட்டகைச் சுவரில் பன்னிரண்டு நட்சத்திரத்தோடு ஒரு நீலப் பலகை இருக்கிறது, தெளிப்பான் வாங்க ஒன்றிய நிதி உதவியது என்று.

இந்தப் பலகை இல்லாத ஊர் போலந்தில் இல்லை. லுப்லினில் ஓடும் மின்கம்பிப் பேருந்துகளில், 2012-ல் திறந்த விமான நிலையத்தில், நூலகத்தில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில். கட்டிய சந்தாவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 20 ஆண்டில் நாட்டுக்குள் வந்தது 160 பில்லியன் யூரோவுக்கு மேல்.

பணத்துக்கு அப்பால் இன்னொன்று, வெளியே போகும் கதவு. சேர்ந்த சமயத்தில் இங்கே வேலையில்லாதவர்கள் 20 சதவீதம். பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் முதல் நாளே கதவைத் திறந்துவிட்டன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 மே வரை பூட்டியே வைத்திருந்தன. மனைவியின் அண்ணன் டப்ளினில் கட்டட வேலைக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில்தான் அந்த வீட்டுக்குக் கூரை மாறியது. இருபது லட்சத்துக்கும் மேல் போலந்துக்காரர்கள் ஒரு கட்டத்தில் வெளிநாடுகளில் இருந்தார்கள். ஊரில் கிழவர்கள் மட்டும் மிச்சம், பேரப்பிள்ளைகளைக் கணினித் திரையில் பார்க்க வேண்டியிருக்கிறது என்ற மனக்குறையும் அப்போதே தொடங்கியது. அந்தக் குறையை எந்தக் கணிப்பும் ஒழுங்காகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு ஆதரவு இருந்தும் யூரோ நாணயத்தை ஏன் ஏற்கவில்லை?
– வங்கி ஊழியர், ஈரோடு

டென்மார்க்குக்கு இருக்கிற விலக்கு போலந்துக்குக் கிடையாது. ஒருநாள் யூரோவுக்கு மாறியே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். எந்த நாள் என்று எழுதவில்லை, அதுதான் சௌகரியம். 2011-ல் மாறிவிடலாம் என்று 2008 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் டோனல்ட் டஸ்க் அறிவித்தார். அந்த மாதமே உலக நிதி நெருக்கடி வெடித்தது. போலந்து நாணயமான ஸ்லோட்டியின் மதிப்பு விழுந்தது, ஏற்றுமதி தாக்குப்பிடித்தது, 2009-ல் ஒன்றியத்திலேயே போலந்து ஒன்றில்தான் பொருளாதாரம் வளர்ந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் யூரோவுக்கு மாறியிருந்த ஸ்லோவாக்கியர்கள் எல்லை தாண்டி வந்து இங்கே சாமான் வாங்கினார்கள். பிறகு யூரோவை வைத்துக்கொண்டு கடனில் சிக்கிய கிரீஸ் பட்ட பாட்டையும் போலந்துக்காரர்கள் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பேச்சு மெல்ல அடங்கிப்போனது. ஒன்றியம் வேண்டும், யூரோ வேண்டாம் என்பதில் இங்கே பெரும்பாலோருக்குக் குழப்பமே கிடையாது.

2015-லிருந்து எட்டு ஆண்டு ஆண்ட கட்சி ஐரோப்பாவோடு ஓயாமல் சண்டை போட்டது. மக்கள் ஆதரவு இல்லாமலா?
– வழக்கறிஞர், மதுரை

சட்டமும் நீதியும் கட்சியைச் சொல்கிறீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: 2003-ல் அதன் தலைவர் யாரோஸ்லாவ் கச்சின்ஸ்கி 'சம்மதம்' பக்கம் நின்றவர். பின்னாளில் சண்டை முற்றியபோதும், வெளியேற மாட்டோம் என்றே அவர் சொல்லிவந்தார். அவர்களை ஆதரித்தவர்களிலும் பெரும்பாலோர் ஒன்றியத்தை விட்டுப் போக நினைத்தவர்கள் இல்லை.

2015 நவம்பரில் பிரதமர் பேயாட்டா ஷிட்வோவின் செய்தியாளர் கூட்டங்களில் ஒன்றியத்தின் நீலக்கொடியை எடுத்துவிட்டு வெள்ளை சிவப்பை மட்டும் வைத்தார்கள். 2018-ல் குடியரசுத் தலைவர் டூடா, நமக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காத 'கற்பனைச் சமூகம்' என்றார். இதெல்லாம் கைதட்டலுக்கு. வழக்கறிஞரான உங்களுக்கு விஷயம் எங்கே என்று தெரியும்: நீதிபதிகளை யார் நியமிப்பது, அவர்களை யார் தண்டிப்பது. ஒன்றியத்தின் நீதிமன்றம் நீதிபதிகளைத் தண்டிக்கும் அமைப்பை நிறுத்தச் சொன்னது. நிறுத்தாததால் 2021 அக்டோபரில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதே மாதம் 7-ம் தேதி, ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் போலந்து அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று இங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

அந்த ஞாயிறன்று மாலை லுப்லின் நகர மண்டபத்துக்கு எதிரே நானும் மனைவியும் போய் நின்றோம். நாட்டின் பல நகரங்களில் அன்று கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி ஒன்றியத்தின் கொடியைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தார். 'இங்கேயே இருப்போம்' என்பதுதான் கோஷம். மாமனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டால், நீதிபதிகள் சண்டை எனக்கெதற்கு, மானியம் நிற்குமா நிற்காதா அதைச் சொல் என்றார். மானியம் நிற்கவில்லை. ஆனால் பெருந்தொற்றுக்குப் பிந்தைய மீட்பு நிதி நின்றுபோனது. 2023 அக்டோபர் தேர்தலில் 74 சதவீதம் பேர் வாக்களித்து டஸ்க் திரும்பி வந்த பிறகு, 2024 பிப்ரவரியில் மீட்பு நிதியும் பிராந்திய வளர்ச்சி நிதியும் சேர்த்து 137 பில்லியன் யூரோ வரை விடுவித்தார்கள்.

இதில் எனக்குப் பிரஸ்ஸல்ஸ் மீதும் ஒரு குறை உண்டு. ஆட்சி மாறியதும், சட்டங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்போதே பணம் வந்துவிட்டது. 'எங்கள் மூஞ்சி பிடிக்கவில்லை, அவ்வளவுதானே' என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருக்கிறது.

மானியம் வாங்கிக்கொண்டே மறியலும் செய்கிறார்களே, நியாயமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

அம்மா, இதே கேள்வியை என் மனைவி தன் அப்பாவிடம் கேட்டார். 2024 பிப்ரவரியில் அவர் டிராக்டரைக் கிளப்பியபோது. அந்த டிராக்டரும் ஒன்றிய நிதி உதவியில் வந்ததுதான். 'அதனால்தான் அது நடுரோட்டில் நிற்காமல் ஓடுகிறது' என்றார் மனிதர்.

அவர் பக்கம் கொஞ்சம் கேட்போம். போர் தொடங்கியதும் உக்ரைன் விளைபொருள்களுக்கு ஒன்றியம் 2022 ஜூனில் சுங்கத்தை நிறுத்தி வைத்தது. கருங்கடல் வழி அடைபட்டதால் தானியம் போலந்து வழியாகத் துறைமுகங்களுக்குப் போக வேண்டியது. கணிசமான பங்கு வழியிலேயே தங்கிவிட்டது. கூடவே உறைந்த ராஸ்பெர்ரியும் வந்தது. போலந்து ராஸ்பெர்ரியில் பெரும்பங்கு எங்கள் மாகாணத்தில் விளைவது. 2023 கோடையில் கொள்முதல் மையத்தில் சொன்ன விலைக்குப் பழம் பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று சில வரிசைகளைப் பறிக்காமலே விட்டார். கொடியிலேயே கறுத்து உதிர்ந்தன. ஒரு தட்டு பழத்தை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். ஜாம் போட்டோம்.

அதே நேரத்தில் ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் திட்டமான பசுமை ஒப்பந்தம் வந்தது. நிலத்தில் 4 சதவீதத்தைத் தரிசாகப் போடு, பூச்சிமருந்தைக் குறை என்றெல்லாம். ஒரு பக்கம் அந்த விதி எதற்கும் கட்டுப்படாத பழம் சுங்கமில்லாமல் உள்ளே வருகிறது, மறுபக்கம் எனக்கு மட்டும் விதியா என்பது அவர் வாதம். இதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் டொரோஹுஸ்க் எல்லையில் உக்ரைன் லாரிகளைத் திறந்து தானியத்தைச் சாலையில் கொட்டினார்களே, அது அசிங்கம். அன்று மாமனார் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு வைக்கிற தலைமுறை.

ஒரு வேடிக்கை: இவர்கள் திட்டித் தீர்த்த அந்தக் காலத்தில் ஒன்றியத்தின் வேளாண் ஆணையராக இருந்தவர் யானுஷ் வொய்ச்செகோவ்ஸ்கி, போலந்துக்காரர், அதிலும் சட்டமும் நீதியும் கட்சி அனுப்பிவைத்தவர்! மறியலுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. தரிசு விதியைக் கைவிட்டார்கள், பூச்சிமருந்துச் சட்ட முன்வடிவைத் திரும்பப் பெற்றார்கள், 10 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்குச் சோதனையும் அபராதமும் இல்லை என்றார்கள். மாமனார் அந்தக் கணக்கில் தப்பித்தார். மே மாத மானிய மனு இப்போது கணினியில். நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பிரஸ்ஸல்ஸைத் திட்டிக்கொண்டே சர்வே எண்களைச் சொல்லுவார்.

இளைஞர்கள்தானே ஐரோப்பாவை அதிகம் விரும்புவார்கள்?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2025 மே மாதம் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில், 30 வயதுக்குட்பட்டவர்களிடம் முதலிடம் பிடித்தவர் ஸ்லாவோமிர் மென்ட்சென். பிரஸ்ஸல்ஸ் என்றாலே முகம் சுளிக்கிற வலதுசாரிக் கூட்டமைப்பின் வேட்பாளர். அந்த வயதினரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அவருக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. அவர்களிடம் இரண்டாமிடம் வந்தவர் இடதுசாரி, ஐரோப்பா வேண்டும் என்கிறவர். ஆகவே இளைஞர்கள் எல்லாம் ஒரு பக்கம் என்றும் சொல்வதற்கில்லை. பெண்களைவிடப் பையன்கள்தான் மென்ட்சென் பக்கம் அதிகம்.

மனைவியின் அண்ணன் மகன், டப்ளின் போனாரே அவர் பிள்ளை, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினில் ஒரு பருவம் படித்துவிட்டு வந்து மென்ட்சென்னுக்கு ஓட்டுப் போட்டான். ஏண்டா என்றால், 'பாஸ்போர்ட் காட்டாமல் போவதெல்லாம் ஒரு சலுகையா மாமா? எப்போதும் அப்படித்தானே' என்கிறான். 2007 டிசம்பருக்கு முன் ஜெர்மன் எல்லையில் மணிக்கணக்கில் வரிசை நின்ற கதையை அவன் அப்பா சொன்னால் கொட்டாவி விடுகிறான். அவனுக்கு வீட்டு வாடகைதான் பிரச்சினை, குடியேறிகளை எந்த நாடு எத்தனை பேர் ஏற்பது என்று பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்வதுதான் பிரச்சினை. இரண்டாவதில் டஸ்க்கும் அவன் பக்கம்தான். 2025 ஜூலையில் ஜெர்மன் எல்லையில் சோதனையை மறுபடி தொடங்கியதே டஸ்க் அரசாங்கம்தான். ஆள் நிறத்தைப் பார்த்து நிறுத்துவார்களோ என்று பெர்லின் பேருந்தில் நான் குடியிருப்பு அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நிறுத்தினார்கள், பார்த்தார்கள், நல்ல இரவு என்று சொல்லிப் போனார்கள்.

பிரிட்டன் போல போலந்தும் வெளியேறுமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், சென்னை

சீக்கிரத்தில் இல்லை. ஒரே வரி முடிந்தது, ஆனால் ஒரு சட்ட விஷயம் சொல்லியாக வேண்டும். உள்ளே வருவதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ, நாடு தழுவிய வாக்கெடுப்போ வேண்டும் என்று அரசியல் சாசனம் கேட்டது. வெளியே போக ஒரு சாதாரணச் சட்டம் போதும். வாக்கெடுப்பு கட்டாயமில்லை. சாதாரணப் பெரும்பான்மையும் குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் இருந்தால் முடிந்தது. 2025 ஜூனில் கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீதம் வாங்கி அந்தக் கையெழுத்துக்குரிய இடத்துக்கு வந்திருக்கிறார். வெளியேறுவேன் என்று அவர் சொல்லவில்லை, அதிக அதிகாரத்தைப் பிரஸ்ஸல்ஸுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2027-ல்.

மாமனாரிடமும் கேட்டேன், மறுபடி வாக்கெடுப்பு வந்தால் எப்படிப் போடுவீர்கள் என்று. 'இருப்போம்' என்றுதான் போடுவாராம். மாமியார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.